இன்ஜினுக்குக் காத்தடிச்ச கதை

போன வருசம் ஆடி மாசம். ஆபீஸ்ல மும்முரமா ஆணி புடுங்கிட்டு இருந்தப்போ சிவகாசியில இருந்து போன். பெரியப்பா பையன். எனக்கு ரெண்டு வயசு இளையவன், ஆனா கார் விஷயத்துல எனக்கு அப்பன்.

"அண்ணே, மெர்சிடிஸ் கம்ப்ரஸர் ஒண்ணு வாங்கிட்டேன்."

"எதுக்குடா, ஏசிக்கா?"

"விக்கிறவரும் அப்படித்தான் நெனைச்சுக் குடுத்தாரு. அது ஏசி கம்ப்ரஸர் இல்லண்ணே. சூப்பர்சார்ஜர்!"

விஷயம் இதுதான். சென்னைக்கு வந்தவன் புதுப்பேட்டையில பழைய பார்ட்ஸ் கடைகளைச் சுத்தியிருக்கான். அங்கே பிரிச்சுப் போட்ட ஒரு பழைய சி-கிளாஸ் மெர்சிடிஸ் இன்ஜின். 2000-களில் புனேயில அசெம்பிள் பண்ணி நம்ம ஊர்ல வித்த சி200 கம்ப்ரஸர். ஜெர்மன்காரன் சூப்பர்சார்ஜருக்கு வச்ச பேரே 'கம்ப்ரஸர்'தான், காரோட பின்னாடியும் அதைத்தான் ஒட்டியிருப்பான். அந்தப் பேர்க் குழப்பத்துல தம்பிக்கு சல்லிசா கிடைச்சிருச்சு. அதைக் கொண்டுபோய் வீட்டுல நிக்கிற 1998 மாடல் மாருதி ஜென்ல மாட்டப் போறானாம். அதுவும் சாதாரணமா இல்ல. டேஷ்போர்டுல ஃபாக் லாம்ப் சுவிட்ச் இருந்த இடத்துல ஒரு சுவிட்ச். தட்டினா சூப்பர்சார்ஜர் வேலை செய்யும், திருப்பித் தட்டினா பழைய ஜென். "வேணும்போது பவர், வேணாம்போது மைலேஜ். எப்படிண்ணே?"

படிச்சது மெக்கானிக்கல், தட்டுறது ஜாவா பொட்டி. இந்த மாதிரி போன் வந்தா அன்னிக்கு வேலை ஓடுமா? டேமேஜர் பாக்காத நேரமா பார்த்துத் தேட ஆரம்பிச்சேன். தம்பி ஏதோ தானே கண்டுபிடிச்ச மாதிரி சொன்ன அந்த சுவிட்ச்சுக்கு நூறு வருசத்துக்கு மேல கதை இருக்கு. அந்தக் கதையோட ஒரு முக்கியமான அத்தியாயம் நம்ம ஒரகடத்துலயே நடந்திருக்கு. அது தெரியாம நான் நாலு வருசம் அதைத் தாண்டியே காலேஜ் போயிருக்கேன். அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல அடிப்படை. சிவகாசிக்காரங்களுக்கு இதை விளக்குறது சுலபம். வெடி மருந்துக்கு வெளியில இருந்து காத்து வேண்டாம். வெடியுப்பு முக்கால் பங்கு, கரி, கந்தகம் மிச்சம்னு போடுற கருமருந்துல, அந்த வெடியுப்புக்குள்ளேயே ஆக்ஸிஜன் உக்காந்திருக்கு. அதனாலதான் நாலா பக்கமும் இறுக்கிக் கட்டி அடைச்சாலும் அணுகுண்டு வெடிக்குது. பெட்ரோலுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. ஒரு கிலோ பெட்ரோல் ஒழுங்கா எரியணும்னா 14.7 கிலோ காற்று வேணும். கணக்குப் போட்டுப் பார்த்தா, ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று! அதுல அஞ்சுல ஒரு பங்குதான் ஆக்ஸிஜன். மிச்சம் சும்மா வேடிக்கை பாக்க வந்த நைட்ரஜன்.

அதனால இன்ஜின்ல பவரைக் கூட்டுறதுங்கிறது பெட்ரோலைக் கூட ஊத்துற வேலை இல்ல. அதை எவனும் செய்வான். காத்தைக் கூட அனுப்பணும், அங்கதான் கஷ்டம். இன்ஜின் தானா உறிஞ்சுற காத்துக்கு ஒரு எல்லை இருக்கு. ஒண்ணு இன்ஜினையே பெருசாக்கணும், இல்ல சைக்கிள் டியூபுக்கு அடிக்கிற மாதிரி காத்தை அடிச்சு உள்ளே திணிக்கணும். இன்ஜின் சுத்துற வேகத்துலயே பெல்ட் போட்டோ பல்சக்கரம் போட்டோ அந்தப் பம்பை ஓட்டினா அதுக்குப் பேர் சூப்பர்சார்ஜர். சைலன்சர் வழியா வெளியே போற புகையை வச்சு ஓட்டினா டர்போ.

அந்தப் பம்பு காருக்காகப் பிறந்ததே இல்ல. அமெரிக்காவுல இண்டியானா மாநிலத்துல கானர்ஸ்வில்னு ஒரு ஊர். அங்கே பிலாண்டர் ரூட்ஸ், பிரான்சிஸ் ரூட்ஸ்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர். எட்டு மாதிரி வடிவத்துல ரெண்டு உருளைங்க ஒண்ணோடொண்ணு உரசாம எதிரெதிரா சுத்தி காத்தைத் தள்ளுற ஊதிக்கு 1860-ல் பேடண்ட் வாங்கினாங்க. இரும்பு உருக்குற உலைக்கு ஊத அதைப் பயன்படுத்தினாங்க. கார்னு ஒண்ணு உலகத்துல வர்றதுக்குக் கால் நூற்றாண்டு முன்னாடி! தம்பி வாங்கின மெர்சிடிஸ் பம்பும் அதே ரூட்ஸ் வகைதான்.

அதை முதல்ல ரோட்டு காருக்குக் கொண்டு வந்தது டைம்லர் கம்பெனி. முதல் உலகப் போர்ல விமானம் மேலே போகப் போகக் காத்து மெலிஞ்சு இன்ஜின் மூச்சு வாங்கினப்போ, அதுக்கு ஊதி வச்சு காத்தடிச்சுப் பழகியிருந்தாங்க. போர்ல தோத்த ஜெர்மனிக்கு விமான இன்ஜின் செய்யத் தடை. கையில இருந்த வித்தையைக் காருக்குத் திருப்பிட்டாங்க. 1921 செப்டம்பர்ல பெர்லின் மோட்டார் கண்காட்சியில சூப்பர்சார்ஜர் வச்ச ரெண்டு மெர்சிடிஸ் கார்களை நிறுத்தினாங்க. கதாநாயகன் பவுல் டைம்லர், கம்பெனியைத் தொடங்கின காட்லீப் டைம்லரோட மகன். 1923-ல் அந்த நாற்காலிக்கு வந்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. ஆமா, அந்த போர்ஷேதான்.

இந்த மெர்சிடிஸ்லதான் தம்பியோட சுவிட்ச் வருது. ஊதி எப்பவும் ஓடாது, நடுவுல ஒரு கிளட்ச். டிரைவர் ஆக்ஸிலரேட்டரை அடி வரைக்கும் மிதிச்சா கடைசி கொஞ்ச தூரத்துல அந்த கிளட்ச் கவ்வும், ஊதி அலறிக்கிட்டே காத்தைத் தள்ளும். காலைத் தளர்த்தினா மறுபடி சாது. பவர் வேணுமா வேணாமான்னு கால் கட்டை விரல்தான் முடிவு பண்ணும். அந்த அலறலுக்கே அப்போ ஒரு கூட்டம் விசிறியா இருந்துச்சாம். நம்ம ஊர் ஏர்ஹாரன் மாதிரின்னு வச்சுக்கோங்க.

காரோட பேரிலேயே இதை எழுதி வித்தாங்க. 24/100/140 பி.எஸ்.னு ஒரு மாடல். முதல் எண் வரி போடுறதுக்கான குதிரைத்திறன். ரெண்டாவது, ஊதி இல்லாம. மூணாவது, ஊதியோட. 1928-ல் வந்த புகழ்பெற்ற எஸ்.எஸ்.கே.க்கு 27/170/225. ஒரே காருக்கு ரெண்டு சக்தின்னு நெத்தியில எழுதி ஒட்டின நேர்மை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இன்னிக்கு மைலேஜ் கணக்கு சொல்றவங்க கத்துக்கலாம்.

(சும்மா ஒரு இடைச்செருகல். கல்கத்தா போய் தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசிக்குத் திரும்பினது 1923 வாக்குல. ஜெர்மன்காரன் காத்தை வெளியில இருந்து அடைச்சுக்கிட்டு இருந்த அதே நேரம், நம்மாளுங்க ஆக்ஸிஜனைக் குச்சி நுனியிலேயே ஒட்டிக் கொண்டு வந்துட்டாங்க. ஹி ஹி.)

சரி, கிளட்ச் எதுக்கு? எப்பவும் ஓட விட்டா என்ன? ரெண்டு காரணம். ஒண்ணு, ஊதி சும்மா சுத்தாது, இன்ஜின்கிட்டயே பவர் வாங்கித்தான் சுத்தும். தம்பியோட ஜென்னுக்குப் பேப்பர்ல கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5,000 சுத்துல, அரை பார் அழுத்தத்துக்கு அஞ்சாறு குதிரையை ஊதியே தின்னுடும். ஜென் மொத்தமே 50 குதிரை! ரெண்டாவது காரணம் பெருசு. அப்போ இருந்த இரும்புக்கும் கேஸ்கெட்டுக்கும் அந்த அழுத்தம் தாங்காது. ஊதியைக் கொஞ்ச நேரம்தான் கூப்பிடலாம்.

அந்த 'கொஞ்ச நேரம்' எப்படி எதிரிக்கு ஆயுதமாச்சுங்கிறதுக்கு 1930 ஜூன் மாசம் நடந்த லே மான் 24 மணி நேரப் பந்தயம் சாட்சி. ஒரு பக்கம் ஒத்தை மெர்சிடிஸ் எஸ்.எஸ்.கே., ஓட்டுறது ருடால்ஃப் கராச்சியோலாவும் கிறிஸ்டியான் வெர்னரும். இன்னொரு பக்கம் இங்கிலாந்து பென்ட்லி படை. அதுல டிம் பிர்கின்னு ஒருத்தர். பென்ட்லிக்கு ஊதி மாட்டியே தீருவேன்னு ஒத்தைக் கால்ல நின்னு, டோரதி பேஜட்ங்கிற பணக்காரப் பெண்மணியோட காசுல 'ப்ளோயர் பென்ட்லி'யை உருவாக்கினவர். கம்பெனி முதலாளி டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு அது துளியும் பிடிக்கல. பவர் வேணும்னா இன்ஜினைப் பெருசு பண்ணு, காத்தை ஏன் திணிக்கிறேங்கிறது அவர் கட்சி. பிர்கின் ஊதிக்கு கிளட்ச் கிடையாது, இன்ஜின் முன்னாடி நேரா கிராங்க்ல மாட்டினது. எப்பவும் ஊதும்.

பென்ட்லிக்காரங்க கணக்கு ரொம்ப எளிசு. கராச்சியோலா ஊதியைக் கொஞ்சமாத்தான் பயன்படுத்துவார், அவரை விடாம துரத்தினா அடிக்கடி மிதிச்சே ஆகணும். பிர்கின் ஆரம்பச் சுத்துகள்லயே விரட்டினார். நேர் ரோட்டுல ஒரு பக்க சக்கரம் புல்லுல ஏற, டயர் ரப்பர் பிய்ச்சுக்கிட்டுப் பறக்க, மெர்சிடிஸைத் தாண்டிப் போனார். அப்புறம் ஸ்பீட் சிக்ஸ்ங்கிற ஊதி இல்லாத பெரிய பென்ட்லிங்க மாத்தி மாத்தி நெருக்குச்சு. நடுராத்திரி தாண்டினதும் மெர்சிடிஸோட விளக்கு மங்கிப் போச்சு. டைனமோ கோளாறு, பந்தயத்துல இருந்து விலகல். விரட்டின ப்ளோயர் பென்ட்லிகளும் முடிக்கல. ஜெயிச்சது ஊதியே இல்லாத ஸ்பீட் சிக்ஸ், ரெண்டாவது இடமும் அதுக்கே. முதலாளி சொன்னதுதான் நடந்துச்சு. ஆனா இன்னிக்கு ஏலத்துல எல்லாரும் அடிச்சுக்கிறது ஜெயிக்காத அந்த ப்ளோயருக்குத்தான். உலகம் அப்படித்தான் இருக்கு.

நம்ம நாட்டுக்கும் இந்த மோகம் வந்துச்சு. இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கர் 1930-களின் நடுவுல அமெரிக்க டூசன்பெர்க் எஸ்.ஜே. ஒண்ணை வாங்கி, லண்டன்ல கர்னி நட்டிங் கம்பெனியில பாடி கட்டினார். சூப்பர்சார்ஜரோட 320 குதிரைன்னு கம்பெனி சொன்ன வண்டி. அதுல சுவிட்ச் எதுவும் இல்ல, ஊதி எப்பவும் ஓடும். மகாராஜாவுக்கு மைலேஜ் கவலை எதுக்கு?

இந்தக் கதையெல்லாம் நான் ராத்திரி கண்முழிச்சுப் படிச்சுக்கிட்டு இருந்த நாள்லயே தம்பி வேலையை முடிச்சிட்டான். விருதுநகர்ல ஒரு லேத் பட்டறையில பிராக்கெட் அடிச்சு, பழைய ஏசி கம்ப்ரஸரோட மேக்னட் கிளட்சை ஊதி முன்னாடி மாட்டி, கார்புரேட்டரை ஊதியோட உறிஞ்சுற பக்கத்துக்கு மாத்தி, ஊதி நிக்கும்போது காத்து சுத்திப் போக ஒரு குழாயும் வச்சிட்டான். வேலைன்னு பார்த்தா சுத்தம். நான் ஊருக்குப் போனப்போ, "வாண்ணே ஒரு ரவுண்டு"ன்னான். பெரியப்பாவும் திருத்தங்கல்ல ஒரு விசேஷத்துக்குப் போகணும்னு பின் சீட்ல ஏறிட்டார்.

பெரியப்பாவைப் பத்திச் சொல்லணும். முப்பது வருசம் பயர் ஆபீஸ்ல போர்மேன். இடது முழங்கைக்குக் கீழ தோல் முழுக்கச் சுருங்கி மினுமினுன்னு இருக்கும், நான் பொறக்குறதுக்கு முன்னாடி நடந்த ஒரு சம்பவம். அவர் அதைப் பத்திப் பேச மாட்டார். 2012 செப்டம்பர் 5 அன்னிக்கு முதலிப்பட்டியில நாற்பது பேர் வரைக்கும் செத்த அந்த விபத்துக்கு அப்புறம் வேலைக்குப் போறதை நிறுத்திட்டார். மருந்து கலக்குற ரூம்ல கைக்கு வேணும்கிற அளவுக்கு மேல ஒரு சிட்டிகை இருக்கக் கூடாதுங்கிறது அவர் சட்டம். வீட்டுல சமையலுக்குக் கூட அதே சட்டம்தான்னு பெரியம்மா சலிச்சுக்குவாங்க.

ஆமத்தூர் தாண்டினதும் ரோடு காலியா கிடந்துச்சு. தம்பி சுவிட்சைத் தட்டினான். 'டக்'. ஏசி போட்டா கேக்குமே, அதே சத்தம். அப்புறம் ஒரு விசில். ஜென் முதுகுல தள்ளுச்சு. பொய் சொல்லல மக்களே, எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. இருபத்தஞ்சு வருசக் கிழட்டு ஜென் குட்டிக்குதிரை மாதிரி பாயுது!

ஒரு நிமிசம் இருக்கும். விசிலுக்கு அடியில வேற ஒரு சத்தம். தகர டப்பாவுல கூழாங்கல் போட்டுக் குலுக்கின மாதிரி. தம்பிக்கு அது கேக்கவே இல்ல. எனக்குக் கேட்டும் புரியல. பின்னாடி இருந்து பெரியப்பா குரல்.

"ஏலே, ஓரங்கட்டு. உள்ள எரியல. வெடிக்குது."

ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் சிவகாசியில பொறந்தவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. புஸ்வாணம் எரியும். வெடி வெடிக்கும். பெட்ரோல் இன்ஜின் புஸ்வாண ஜாதி. பிளக்ல பொறி விழுந்ததும் தீ அங்க இருந்து வரிசையா பரவி பிஸ்டனைத் தள்ளணும். ஆனா உள்ளே அழுத்தமும் சூடும் எல்லை மீறினா, தீ போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே மூலையில கிடக்குற மிச்சக் கலவை தன்னால மொத்தமா பத்திக்கும். அந்த அடிதான் கூழாங்கல் சத்தம். மெக்கானிக் பாஷையில 'நாக்'.

தம்பியோட கணக்கு எங்க உதைச்சதுன்னு அப்புறம் பார்த்தேன். அந்த ஊதியில எம்45னு இருக்கும். 45 கன அங்குலம்னு அர்த்தம், ஒரு சுத்துக்கு 0.74 லிட்டர் காத்து. ஜென்னோட 993 சிசி இன்ஜின் ஒரு சுத்துக்கு அரை லிட்டர்தான் குடிக்கும். ரெண்டையும் ஒரே வேகத்துல சுத்த விட்டா மிச்சமெல்லாம் அழுத்தமா மாறும். ஜென்னோட கம்ப்ரஷன் விகிதமோ ஒன்பதைச் சுற்றி. ஊதி ஏற்கனவே அமுக்கிச் சூடாக்கிக் கொடுத்ததை இது மறுபடி ஒன்பது மடங்கு அமுக்குது. நடுவுல காத்தை ஆறவைக்க இன்டர்கூலரும் இல்ல. வெடிக்காம என்ன செய்யும்?

பெரியப்பா ஓரங்கட்டச் சொன்னது தாமதம்தான். ஒரு பிஸ்டன்ல ரிங் உக்கார்ற இடமே உடைஞ்சு, நீலப் புகையோட வண்டி கயிறு கட்டி ஊர் வந்து சேர்ந்துச்சு. விசேஷத்துக்கு மூணு பேரும் டவுன் பஸ்ல போனோம்.

நாக்கோட கதை ஊதியோட கதைக்கு இரட்டைப் பிள்ளை. பெர்லின்ல மெர்சிடிஸ் ஊதியைக் காட்டின அதே 1921-ல், டிசம்பர் மாசம், அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்துல தாமஸ் மிட்ஜ்லி ஈயக் கலவை ஒண்ணை பெட்ரோல்ல கலந்து நாக்கை அடக்கினார். இன்ஜின் அமைதியாச்சு, உலகம் கிட்டத்தட்ட நூறு வருசம் ஈயத்தைச் சுவாசிச்சுது. இந்தியாவுல ஈயம் கலந்த பெட்ரோல் முழுசா நின்னது 2000-ல்தான். அது தனிப்பதிவுக்கான மேட்டர்.

ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் ரோட்டு கார்ல ஊதி கிட்டத்தட்டக் காணாமப் போச்சு. சுவிட்ச் வச்ச ஊதியைத் திருப்பிக் கொண்டு வந்தது டொயோட்டா. 1986-ல் எம்.ஆர்.2 காருல 1.6 லிட்டர் இன்ஜின், ரூட்ஸ் ஊதி, முன்னாடி மேக்னட் கிளட்ச். தம்பி செஞ்ச அதே அமைப்பு! ஆனா சுவிட்ச் டிரைவர் கையில இல்ல, கம்ப்யூட்டர் கையில. லோடு வந்தா கவ்வும், இல்லேன்னா விட்டுடும். டேஷ்போர்டுல பச்சை விளக்கு ஒண்ணு மட்டும் எரிஞ்சு காட்டும். இன்டர்கூலர் வச்சாங்க. இன்ஜினோட கம்ப்ரஷனை எட்டுக்குக் குறைச்சாங்க. தம்பி விட்ட எல்லாத்தையும் அவங்க செஞ்சிருந்தாங்க.

90-களின் நடுவுல மெர்சிடிஸே 'கம்ப்ரஸர்' பேரைத் தூசி தட்டி எடுத்துச்சு. எஸ்.எல்.கே. 230-ல் மேக்னட் கிளட்ச் இருந்துச்சு. அடுத்த தலைமுறையில கிளட்சைத் தூக்கிட்டு, வேண்டாத காத்தைச் சுத்தி அனுப்புற கதவு ஒண்ணு வச்சுக்கிட்டாங்க. தம்பிக்குக் கிடைச்சது இந்த ரகம், அதான் கிளட்ச் இல்லாம இருந்துச்சு. 2005-ல் வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.யில ஊதியும் டர்போவும் ஜோடி. அடிமட்ட வேகத்துல ஊதி, மேல போனதும் கிளட்ச் விட்டு டர்போ கையில ஒப்படைக்கும். 1.4 லிட்டர்ல 170 குதிரை. இடையில ஈட்டன் கம்பெனி புது ஊதி வரிசை ஒண்ணுக்கு டி.வி.எஸ்.னு பேர் வச்சுது. மதுரைக்காரங்க யாரும் பெருமைப்பட வேண்டாம், அது வேற டி.வி.எஸ்.

இப்போ ஒரகடம்.

நான் படிச்ச காலேஜ் ஸ்ரீபெரும்புதூர் பக்கம். 2014-ல இருந்து 2018 வரைக்கும் காலேஜ் பஸ் ஒரகடம் வழியாத்தான் போகும். 2010-ல் திறந்த ரெனோ-நிஸான் ஆலையில இருந்து கார் ஏத்தின டிரெய்லர்கள் வரிசையா வெளியே வரும். ஜன்னலோரம் உக்காந்து, எந்தெந்த வண்டிக்கு ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்குன்னு எண்ணுறது எங்க பொழுதுபோக்கு. இடது பக்கம்னா ஐரோப்பா. பெரும்பாலும் குட்டி நிஸான் மைக்ரா. அதெல்லாம் எண்ணூர் துறைமுகத்துல கப்பல் ஏறும். 2014-ல் அந்தத் துறைமுகத்துக்குக் காமராஜர் பேர் வச்சாங்க. எங்க விருதுநகர்க்காரர் பேர்ல இருக்குற துறைமுகம்ங்கிறதால எனக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை, வச்சுக்கோங்களேன்.

அந்த மைக்ராக்கள்ல டி.ஐ.ஜி.-எஸ்.னு ஒரு ரகம் இருந்துச்சு. ஜெனீவா கண்காட்சியில காட்டி, 2011-ல் இருந்து ஐரோப்பாவுல வித்தாங்க. 1,198 சிசி, மூணே சிலிண்டர், கிளட்ச் வச்ச சூப்பர்சார்ஜர், 98 குதிரை. நம்ம ஊர்ல வித்த மைக்ராவுக்கு 76 குதிரை, ஊதி கிடையாது.

என்னைக் கொண்டுபோய் நிறுத்தினது இன்னொரு எண். அந்த இன்ஜினோட கம்ப்ரஷன் விகிதம் 13. பதிமூணு! டொயோட்டா ஊதி வச்சப்போ பயந்து எட்டுக்கு இறங்குச்சு. தம்பி ஒன்பதுல வச்சு பிஸ்டனை உடைச்சான். இவன் ஊதியும் வச்சு பதிமூணும் வச்சா, பெரியப்பா பாஷையில, எரியாம வெடிச்சிருக்கணுமே?

சூட்சுமம் மில்லர் சுழற்சி. ரால்ஃப் மில்லர்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர் 1950-கள்ல பேடண்ட் வாங்கின யோசனை. பிஸ்டன் மேல ஏற ஆரம்பிச்ச பிறகும் காத்து வர்ற வால்வை மூடாம கொஞ்ச நேரம் திறந்தே வச்சிருப்பாங்க. உறிஞ்சினதுல ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போகும். வால்வு மூடினதுக்கு அப்புறம்தான் நிஜமான அமுக்கல் தொடங்கும். ஆக, அமுக்குறது குறைவு. ஆனா எரிஞ்சு விரியும்போது பிஸ்டன் முழு நீளமும் இறங்கும், பதிமூணு மடங்கு விரிவும் முழுசா கிடைக்கும். குறைச்சு அமுக்கி, நிறைய விரிய விட்டா அதே பெட்ரோல்ல கூட வேலை வாங்கலாம். குறை என்னன்னா, காத்துல ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிட்டதால இன்ஜின் சோப்ளாங்கி ஆயிடும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஊதி. அதுவும் மேடு ஏறும்போதும் முந்தும்போதும் மட்டும். சமவெளியில நிதானமா போறப்போ கிளட்ச் விட்டுடும், ஊதி தின்கிற அஞ்சாறு குதிரையும் மிச்சம். இதே மில்லர் சங்கதியை 1993-ல் மாஸ்டா ஒரு வி6 இன்ஜின்ல ஊதியோட செஞ்சு பார்த்திருக்கு, ஆனா அது பெரிய சொகுசு காருக்கு.

கவனிச்சீங்களா? 1921-ல் பவருக்காகக் கண்டுபிடிச்ச கிளட்ச், தொண்ணூறு வருசம் கழிச்சு மைலேஜுக்காக வேலை செய்யுது. மெர்சிடிஸ்ல ஊதியைக் கூப்பிடத்தான் கிளட்ச். மைக்ராவுல ஊதியை நிறுத்தத்தான் கிளட்ச். கிலோமீட்டருக்கு 95 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு. அந்த 95-க்காகத்தான் இவ்வளவு பாடும். பிரிட்டன்ல 2017 வரைக்கும் பதிவு செஞ்ச காருக்கு 100 கிராமுக்குக் கீழன்னா வருசாந்திர சாலை வரி அப்போ சைபரா இருந்துச்சு.

நமக்கு ஏன் அதைத் தரல? வயித்தெரிச்சலா யோசிச்சாலும் காரணம் புரியுது. இங்கே கார்பனுக்கு வரி இல்ல. 2010 ஜூன்ல பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துட்டாங்க, டீசலை எடுக்கல. மைலேஜ் வேணும்ங்கிறவன் பேசாம டீசல் மைக்ரா வாங்கிட்டுப் போயிட்டான். ஊதி, கிளட்ச், நேரடி இன்ஜெக்ஷன்னு விலை ஏத்தின பெட்ரோல் கார் இங்க யார் தலையில கட்டுறது? ஆனாலும், ஒரகடத்துல முடுக்கின வண்டி, காமராஜர் பேர்ல இருக்குற துறைமுகத்துல கப்பல் ஏறி, லண்டன்காரனுக்கு வரி மிச்சம் பண்ணிக் கொடுத்திருக்கு. நாங்க பஸ் ஜன்னல்ல உக்காந்து ஸ்டீயரிங் எந்தப் பக்கம்னு எண்ணிக்கிட்டு இருந்திருக்கோம். பானெட்டுக்குள்ள என்ன இருக்குன்னு மெக்கானிக்கல் படிச்ச நாப்பது பேர்ல ஒருத்தனுக்கும் தோணல. இந்த வருத்தம் எனக்கு இன்னும் போகல.

அடுத்த தலைமுறை மைக்ரா 2016 கடைசியில பிரான்ஸ் ஆலைக்குப் போயிருச்சு, அதுல ஊதிக்குப் பதிலா சின்ன டர்போ. இந்திய மைக்ரா 2020-ல் பி.எஸ்.6 வந்தப்போ முடிஞ்சு போச்சு. டர்போதான் ஜெயிச்சுது. கிளட்ச் வச்ச ஊதிக்கு வாரிசுன்னா மின்சாரத்துல ஓடுற ஊதிதான். 2016-ல் ஆடி எஸ்.க்யூ.7-ல் 48 வோல்ட்ல ஓட்டினாங்க. பெல்ட்டும் இல்ல, கிளட்சும் இல்ல, சுவிட்ச் மட்டும் மிச்சம்.

தம்பி ஜென்னுக்கு வேற பிஸ்டன் போட்டு, கார்புரேட்டரைப் பழைய இடத்துக்கே மாத்திட்டான். கம்ப்ரஷனைக் குறைச்சு, இன்டர்கூலர் வச்சு மறுபடி ட்ரை பண்ணலாமான்னு கேட்டான். 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக் காட்டினேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. இன்ஷூரன்ஸ்காரனுக்கும் நீயே அல்வா கிண்டிக் குடுத்த மாதிரின்னேன். அதுக்கெல்லாம் அசரல. பெரியப்பா பின் சீட்ல ஏற மாட்டேன்னு சொல்லிட்டார், அதுக்குத்தான் அசந்தான்.

ஊதி இப்போ அவங்க வீட்டு அட்டாலியில, சாக்குல சுத்திக் கிடக்கு. போன வாரம் போன் பண்ணினான். திருத்தங்கல் பக்கம் உருக்குப் பட்டறை வச்சிருக்கிற ஒருத்தர் விலை கேட்டாராம். மோட்டார் மாட்டி உலைக்கு ஊத.

"குடுத்துரவாண்ணே?"

ரூட்ஸ் அண்ணன் தம்பி கதையை அவனுக்கு அப்பதான் சொன்னேன். முழுசா கேட்டுட்டு, "அப்போ இன்னும் ஐந்நூறு சேத்துக் கேக்கலாம்ல"ங்கிறான்.